கோப்பைத் திறந்து பார்ப்பவர் யார்?

புகலிடம் கோரி வந்தவரிடம் அரசு பல கேள்விகளைக் கேட்கிறது. எந்த ஊர், எந்தப் பாடசாலை, எந்த இயக்கத்தோடு தொடர்பு, எந்தச் சோதனைச் சாவடியில் எத்தனை மணி நேரம் மறித்து வைக்கப்பட்டீர், பயணத்தை ஒழுங்கு செய்தவர் யார் என்று துருவித் துருவிக் கேட்கிறது. பதில்கள் யாவும் ஒரு கோப்பில் சேர்கின்றன. அக்கோப்பிலுள்ள விபரங்கள், தேவையெனக் கருதப்படுமிடத்து, பாதுகாப்புப் புலனாய்வுச் சேவையின் மேசைக்குச் செல்கின்றன. அங்கே எழுதப்படும் குறிப்பை நாம் பார்க்க முடியாது. அதனைப் பார்க்கும் அதிகாரம் வேறு யாருக்கு உண்டு, அவர் உண்மையிலேயே பார்க்கிறாரா என்பதே இங்கு நாம் ஆராய முற்படும் விடயம்.

நியூசிலாந்தில் இக்கேள்வி இருமுறை பெரிதாக எழுந்தது. முதல்முறை, ஆபத்தானவர் என்று முத்திரை குத்தப்பட்டு, பின்னர் அம்முத்திரை மீளப் பெறப்பட்ட ஒருவர் இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். மறுமுறை, ஆபத்தானவர் என்று அதிகாரிகள் யாவரும் அறிந்திருந்த ஒருவர் வெளியே நடமாடினார். இரண்டும் ஒக்லாந்து நகரிலேயே நிகழ்ந்தன. ஒன்று அளவுக்கு மீறிய சந்தேகத்தின் விளைவு, மற்றது போதாத நடவடிக்கையின் விளைவு என்று பிரித்துக் கூறுவது வழக்கம். எமது நோக்கில் இரண்டும் ஒரே இருட்டில் பிறந்தவை.

பிந்திய நிகழ்வை முதலில் எடுத்துக்கொள்வோம். 2021 செப்டெம்பர் 3, வெள்ளிக்கிழமை பிற்பகல், ஒக்லாந்தின் மேற்கே நியூலின் பகுதியிலுள்ள லின்மோல் வணிக வளாகத்தின் பல்பொருள் அங்காடியில், ஒருவர் கடைத் தட்டிலிருந்தே கத்தியொன்றை எடுத்து அங்கிருந்தோரைக் குத்தினார். ஏழு பேர் காயமுற்றனர். அவரைப் பின்தொடர்ந்து வந்திருந்த பொலிஸார் அவ்விடத்திலேயே அவரைச் சுட்டுக் கொன்றனர். 53 நாட்களாக இரவு பகலாக அவர் கண்காணிக்கப்பட்டிருந்தார். அவர் இலங்கையின் காத்தான்குடியில் பிறந்தவர். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர். இந்நாட்டில் அகதி அந்தஸ்துப் பெற்றவர். அவரது பெயரை நாம் இங்கு எழுதப்போவதில்லை.

அன்று மாலையே எம்மவர் வீடுகளில் தொலைபேசிகள் ஒலித்தன. "அவர் எம்மவரல்லர்" என்பதே பலரது வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. தமிழரல்லர், முஸ்லிம், வடக்கல்லர், கிழக்கு, போரினால் வந்தவரல்லர், மாணவ விசாவில் வந்தவர் என்றெல்லாம் பிரித்துக் காட்டினோம். அச்சத்தில் பிறந்த பேச்சு அது, விளங்கிக்கொள்ள முடியாததன்று. ஆயினும் குடிவரவு அலுவலகத்தின் சாளரத்துக்கு அப்பால் இருப்பவருக்கு இப்பிரிவுகள் தெரியா. அவரது படிவத்தில் பிறந்த நாடு என்று ஒரு கட்டம் மட்டுமே உண்டு. 1990 ஆம் ஆண்டு ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டதை மறந்துவிட்டு, அவ்வூரவரைப் பற்றி "எம்மவரல்லர்" என்று சொல்லும் உரிமை எமக்கு உண்டோ என்பதையும் ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம்.

அவரது கோப்பின் வரலாறு வெளிவந்ததே ஓர் அபூர்வ நிகழ்வு. அன்றைய பிரதமர் ஜசிந்தா ஆர்டேர்ன் மறுநாளே அதன் பெரும்பகுதியைப் பகிரங்கப்படுத்தினார். 2011 ஒக்டோபரில் 22 வயதில் மாணவ விசாவில் வந்தார். அகதிக் கோரிக்கையைக் குடிவரவு அதிகாரிகள் நிராகரித்தனர். மேன்முறையீட்டில் 2013 டிசெம்பரில் குடிவரவு நியாயசபை அவரை அகதியாக ஏற்றது. 2016 இல் இணையத்தில் அவர் பதிந்த வன்முறைப் பதிவுகள் பொலிஸாரின் கவனத்துக்கு வந்தன. 2017 மே மாதம் ஒக்லாந்து விமான நிலையத்தில் கைதானார். சிரியாவுக்குச் செல்ல முயன்றார் என்பது சந்தேகம். 2018 ஓகஸ்டில் கத்தி வாங்கியமைக்காக மீண்டும் கைதானார். 2019 இல், போலி ஆவணங்களால் பெறப்பட்டது என்ற காரணத்தின்பேரில் அகதி அந்தஸ்து இரத்தாக்கப்பட்டது. நாடுகடத்தல் அறிவித்தலை எதிர்த்து அவர் மேன்முறையீடு செய்தார். குற்றவியல் வழக்கு முடியட்டும் என்று அது காத்திருந்தது. காத்திருந்தபடியே இருந்தது.

2021 ஜூலையில் சிறைவாசம் முடியும் தறுவாயில், குடிவரவுச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்க முடியுமா என்று அதிகாரிகள் ஆராய்ந்தனர். இலங்கைக்கு அனுப்பினால் சித்திரவதைக்கு ஆளாகக்கூடியவர் என்ற அடிப்படையில் அவருக்குச் சட்டப் பாதுகாப்புக் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். நாடுகடத்த முடியாதவரை நாடுகடத்தலுக்காகத் தடுத்து வைக்கவும் முடியாது என்பதே அவர்களுக்குக் கிடைத்த சட்ட ஆலோசனை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. இலங்கைத் தடுப்புக் காவலில் சித்திரவதை இல்லையென்று கொழும்பு எத்தனையோ மேடைகளில் கூறிவந்திருக்கிறது. தன் மண்ணிலேயே அச்சுறுத்தலாகக் கருதிய ஒருவரின் விடயத்தில்கூட, வெலிங்டன் அதிகாரிகளால் அக்கூற்றை நம்பி ஒரு விமானச் சீட்டு எடுக்க முடியவில்லை.

இந்தக் கால வரிசையை நோக்குவோர்க்கு ஒன்று புலப்படும். நுழைவாயிலில் நடக்கும் பாதுகாப்புச் சோதனை எத்துணை கடுமையாக இருந்திருந்தாலும், 2011 இல் வந்த 22 வயது மாணவரிடம் அது எதையும் கண்டிருக்காது. அவர் மாறியது இங்கு வந்த பின்னர். அம்மாற்றத்தை 2016 இலேயே அரசு கண்டுவிட்டது. கண்ட பின்னரான ஐந்தாண்டுகளில் பொலிஸ், புலனாய்வுச் சேவை, குடிவரவுத் திணைக்களம், சிறைத் திணைக்களம் ஆகிய நான்கும் தத்தம் கோப்பை வைத்துக்கொண்டிருந்தன.

இத்தாக்குதலை மூன்று சுயாதீனக் கண்காணிப்பு அமைப்புகள் சேர்ந்து விசாரித்தன: பொலிஸாருக்கு எதிரான முறைப்பாடுகளை விசாரிக்கும் அதிகாரசபை, சிறைகளுக்கான கண்காணிப்பு அலுவலகம், புலனாய்வுச் சேவைகளுக்கான கண்காணிப்பாளர் நாயகம். அவற்றின் கூட்டறிக்கை 2022 டிசெம்பரில் வெளியாயிற்று. பொலிஸாரின் கண்காணிப்பையும் துப்பாக்கிப் பிரயோகத்தையும் அது நியாயமெனக் கண்டது. அதேவேளை, சிறையிலிருந்த ஆண்டுகளில் அவரைத் தீவிரவாதத்திலிருந்து மீட்கும் முயற்சி போதியதாக அமையவில்லை என்பதையும் அது எடுத்துக்காட்டியது. ஆனால் பாராளுமன்றம் அவ்வறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. பயங்கரவாதச் செயலைத் திட்டமிடுவதையே ஏழாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டமூலம் 2021 ஏப்ரலில் ஏற்கெனவே முன்வைக்கப்பட்டிருந்தது. தாக்குதல் நடந்து 27 ஆவது நாளில், செப்டெம்பர் 30 அன்று, அது நிறைவேறியது.

அச்சட்டம் தேவையற்றது என்று நாம் கூறவில்லை. 2020 ஜூலையில் இதே நபரைப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றஞ்சாட்ட அரசு அனுமதி கோரியபோது, அப்படியொரு குற்றம் சட்டத்தில் இல்லை, அதனை ஆக்குவது பாராளுமன்றத்தின் பணியேயன்றி நீதிமன்றத்தின் பணியன்று என்று மேல் நீதிமன்ற நீதிபதி மத்தியூ டவுண்ஸ் மறுத்திருந்தார். இடைவெளி இருந்தது உண்மை. நாம் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. சட்டம் இயற்றுவதற்கு 27 நாள் போதுமாயிருந்த அதே பாராளுமன்றம், நான்கு திணைக்களங்களின் கோப்புகளையும் ஒரே மேசையில் வைத்துப் பார்ப்பதற்கு உரிய அமைப்பைத் தன்னிடத்தே வைத்திருக்கவில்லை.

பிரதமரின் குழு

பாராளுமன்றத்தில் ஒரு குழு இல்லாமலில்லை. புலனாய்வு, பாதுகாப்புக் குழு என்பது 1996 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. 2017 ஆம் ஆண்டின் புலனாய்வு, பாதுகாப்புச் சட்டம் அதனைத் தொடர்ந்து வைத்திருக்கிறது. ஐந்து முதல் ஏழு உறுப்பினர்களைக் கொண்டது. பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் இருவரும் அதில் இடம்பெறுவர். பிரதமரே தலைமை வகிப்பது வழமை. பெரும்பாலும் மூடிய கதவுக்குள் கூடுகிறது. ஆண்டுக்கொருமுறை இரு புலனாய்வு அமைப்புகளின் தலைவர்களும் பகிரங்க அமர்வில் தோன்றிச் சில கேள்விகளுக்கு விடையளிப்பர்.

அதன் வரம்புகளையும் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. கண்காணிப்பாளர் நாயகத்தின் அதிகாரத்துக்குட்பட்ட விடயங்களை அக்குழு விசாரிக்க முடியாது. நடவடிக்கை சார்ந்த இரகசியங்களுக்குள் நுழைய முடியாது. வேறு சட்டத்தின் கீழ் தீர்க்கக்கூடிய தனியாள் முறைப்பாடுகளைக் கையிலெடுக்க முடியாது. எஞ்சுவது என்ன? கொள்கை, நிர்வாகம், செலவினம். ஓர் அகதியின் விண்ணப்பம் பாதுகாப்புச் சோதனையில் ஏன் மூன்றாண்டு கிடக்கிறது என்று அக்குழுவிடம் கேட்க எமக்கு வழியில்லை. அக்குழுவுக்கும் அதனைத் தோண்டிப் பார்க்கும் கடப்பாடு இல்லை.

பிரித்தானியாவில் இத்தகைய குழுவின் தலைவரை, 2013 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, உறுப்பினர்களே தமக்குள்ளிருந்து தெரிவுசெய்கின்றனர். அமைச்சர்கள் அதில் அங்கம் வகிக்க முடியாது. நியூசிலாந்தில் 2014 வரை பிரதமர்களே புலனாய்வுச் சேவைக்குப் பொறுப்பான அமைச்சராகவும் இருந்து, அதனைக் கண்காணிக்கும் குழுவுக்கும் தலைமை தாங்கினர். அதாவது கணக்குப்பிள்ளையே கணக்காய்வாளர். கோயில் நிர்வாக சபைகளில்கூட இதனை நாம் அனுமதிப்பதில்லை. பொதுக்கூட்டத்தில் கதிரைகள் பறந்துவிடும்.

2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சேர்ச் நகரின் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்டதை ஆராய்ந்த அரச விசாரணை ஆணைக்குழு 2020 டிசெம்பரில் வெளியான தன் அறிக்கையில் இக்குறையை நேரடியாகவே தொட்டது. இக்குழு வலுப்படுத்தப்பட வேண்டும், உறுப்பினர்கள் தேவைப்படுமிடத்து இரகசியத் தகவலைப் பார்க்கக்கூடியவர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அதே அறிக்கையில் எம் போன்றோர் அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. இஸ்லாமியத் தீவிரவாதம் என்ற ஒரே திசையிலேயே பாதுகாப்பு அமைப்புகளின் கவனம் பொருத்தமற்ற அளவில் குவிந்திருந்தது என்று ஆணைக்குழு கண்டது. அக்கொலைகளைச் செய்தவர் அவுஸ்திரேலியர். அவுஸ்திரேலியக் குடிமக்களுக்கு வந்திறங்கும்போதே வதிவிட விசா வழங்கப்படுகிறது. 2017 ஓகஸ்டில் அவர் ஒக்லாந்தில் இறங்கினார். எந்தச் சோதனைச் சாவடியில் நின்றீர் என்று அவரிடம் எவரும் கேட்கவில்லை.

இரண்டு ஆண்டுச் சிறை

இனி முந்திய நிகழ்வு. 2002 டிசெம்பர் 4 அன்று அஹமட் சாவுயி என்னும் அல்ஜீரியர் ஒக்லாந்து விமான நிலையத்தில் இறங்கிப் புகலிடம் கோரினார். இறையியல் விரிவுரையாளர், 1991 ஆம் ஆண்டுத் தேர்தலில் இஸ்லாமிய மீட்பு முன்னணியின் வேட்பாளர். இராணுவம் அத்தேர்தலை இரத்துச் செய்தபின் நாட்டை விட்டு ஓடி, ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவிலும் ஆசியாவிலும் அலைந்தவர். கையில் முறையான கடவுச்சீட்டு இல்லை. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் அவருக்கு எதிரான தீர்ப்புகள் இருந்தன. பாரெமொரெமோ உச்சப் பாதுகாப்புச் சிறையில் அடைக்கப்பட்டார். ஏறக்குறைய பத்து மாதங்கள் தனிமையில்.

2003 மார்ச்சில் பாதுகாப்புப் புலனாய்வுச் சேவையின் பணிப்பாளர் ரிச்சர்ட் வூட்ஸ், அவர் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்தானவர் என்று சான்றிதழ் வழங்கினார். 1999 இல் குடிவரவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட இவ்வேற்பாடு அதுவரை எவருக்கு எதிராகவும் பயன்படுத்தப்படவில்லை. அச்சான்றிதழின் ஆதாரங்கள் சாவுயிக்கோ அவரது சட்டத்தரணிகளுக்கோ காட்டப்படவில்லை. அதே ஆண்டு ஓகஸ்டில் அகதி மேன்முறையீட்டு அதிகாரசபை, தன் முன்னுள்ள சான்றுகளை விரிவாக ஆராய்ந்து, அவர் உண்மையான அகதியே என்று தீர்ப்பளித்தது. ஒரு கதவில் அகதி. மறு கதவில் அபாயம். சிறைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

சான்றிதழை மீளாய்வு செய்யும் பொறுப்புக் கண்காணிப்பாளர் நாயகத்திடம் இருந்தது. அப்போது அப்பதவியில் இருந்தவர் ஓய்வுபெற்ற மேல் நீதிமன்ற நீதிபதி லோறி கிறெய்க். இரகசியக் கோப்பைத் திறந்து பார்க்கும் உரிமை பெற்ற ஒரே சுயாதீனமானவர் அவரே. அவர் 2003 இன் பிற்பகுதியில் ஒரு சஞ்சிகைக்கு வழங்கிய நேர்காணலில், பொய்க் கடவுச்சீட்டில் ஏறி, அதனை விமானத்திலேயே அழித்துவிட்டு, அகதியென்று வந்து நிற்போரைப் பற்றி ஏளனமாகப் பேசினார். இப்பத்தியை வாசிப்போருள் எத்தனை பேர் அவ்வாறு வந்தோம் என்பதை எண்ணிப் பார்த்தால், அவ்வார்த்தையின் கனம் விளங்கும். அவர் பக்கச்சார்பானவராகத் தோன்றுகிறார் என்று மேல் நீதிமன்றம் 2004 மார்ச்சில் தீர்ப்பளித்ததும் அவர் பதவி விலகினார். ஒரேயொருவர்தான் கோப்பைப் பார்க்கலாம் என்றிருக்கும்போது, அந்த ஒருவரின் மனச்சாய்வே முழு நாட்டின் நீதியாகிவிடுகிறது. அந்நேர்காணல் அச்சாகியிராவிடின் அச்சாய்வு எவருக்கும் தெரியவந்திராது.

2004 டிசெம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் சாவுயியைப் பிணையில் விடுவித்தது. கத்தோலிக்கத் துறவிகளின் மடமொன்று அவருக்கு ஒக்லாந்தில் இடமளித்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு எமக்கு மிக முக்கியமானது. ஒருவரை ஆபத்தானவர் என்று கூறுவதற்கு, நம்பத்தகுந்த சான்றை அடிப்படையாகக் கொண்ட நியாயமான காரணம் வேண்டும். துன்புறுத்தலுக்குத் திருப்பி அனுப்புவதையே நியாயப்படுத்தும் அளவுக்கு அவ்வாபத்துப் பாரதூரமானதாக இருக்க வேண்டும். சித்திரவதை நிகழும் என்று கருதக் காத்திரமான காரணமிருந்தால் அங்கு அனுப்பவே முடியாது என்று அது கூறியது. இவ்வளவுகோலை வகுப்பதில் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2002 ஜனவரியில் வழங்கிய சுரேஷ் வழக்குத் தீர்ப்பு துணைநின்றது. அது ஓர் ஈழத் தமிழரின் வழக்கு. மிக அரிதான சூழ்நிலையில் சித்திரவதைக்கும் அனுப்பலாம் என்று கனடிய நீதிமன்றம் விட்டுவைத்த சிறு இடுக்கை நியூசிலாந்து நீதிமன்றம் அடைத்துவிட்டது. ரொறன்ரோவில் தமிழர் ஒருவர் நடத்திய வழக்கு ஒக்லாந்தில் ஓர் அல்ஜீரியரைக் காத்து, பின்னர் எம் எல்லோருக்கும் காவலாகத் திரும்பி வந்தது.

2007 செப்டெம்பர் 13 அன்று புலனாய்வுச் சேவையின் புதிய பணிப்பாளர் வொறன் ரக்கர் சான்றிதழை மீளப் பெற்றார். சாவுயியின் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தனர். 2014 இல் அவர் குடியுரிமை பெற்றார். 2023 ஒக்டோபரில், தன் தாயகத்துக்குச் சென்றிருந்தபோது, அங்கு அவர் கைதுசெய்யப்பட்டார். இருபதாண்டுக்கு முன் ஒக்லாந்து விமான நிலையத்தில் தனக்கு அச்சம் என்று அவர் கூறியது கற்பனையன்று.

இவ்வழக்கு முழுவதிலும் பாராளுமன்றம் எங்கிருந்தது? நீதிமன்றங்கள் இருந்தன. டெபோரா மானிங், ரொட்னி ஹரிசன் போன்ற சட்டத்தரணிகள் இருந்தனர். தெருவில் பதாகை ஏந்திய சாதாரண மக்கள் இருந்தனர். புலனாய்வு, பாதுகாப்புக் குழுவோ அப்போதும் பிரதமரின் தலைமையிலேயே இருந்தது.

பழைய சான்றிதழ் முறைக்குப் பதிலாக 2009 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டம் இரகசியத் தகவலுக்குப் புதிய ஒழுங்குகளை வகுத்தது. இரகசியத் தகவலை அடிப்படையாகக் கொண்டு விண்ணப்பம் நிராகரிக்கப்படுமாயின், அதன் சாராம்சம் விண்ணப்பதாரிக்குக் கொடுக்கப்பட வேண்டும். மேன்முறையீட்டை நீதிபதி தரத்திலுள்ள நியாயசபை உறுப்பினரே விசாரிக்க வேண்டும். இரகசியக் கோப்பைப் பார்க்க அனுமதி பெற்ற விசேட சட்டத்தரணி ஒருவர் விண்ணப்பதாரிக்காக வாதிடுவார். சாகல் என்ற சீக்கியரின் வழக்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1996 இல் அளித்த தீர்ப்பின் பின்னர் பிரித்தானியா உருவாக்கிய முறை இது. இதன் குறை, கோப்பைப் பார்த்த பின்னர் விசேட சட்டத்தரணி தன் கட்சிக்காரரோடு அதுபற்றித் தாராளமாகப் பேச முடியாது என்பது. "அந்தத் திகதியில் நான் அவ்வூரிலேயே இல்லை" என்ற ஒரு வார்த்தை வழக்கை முடித்துவிடக்கூடும். ஆனால் எந்தத் திகதி என்று கேட்க அவருக்கு வாய் இல்லை. எனினும் ஒன்றுமில்லாமைக்கு இது மேல்.

ஒன்றுமில்லாமை எப்படியிருக்கும் என்பதற்கு அயலிலேயே சான்றுண்டு. அவுஸ்திரேலியாவில், அகதிகளென்று அரசாலேயே ஏற்றுக்கொள்ளப்பட்ட சிலர், அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பின் எதிரிடை மதிப்பீட்டினால் ஆண்டுக்கணக்கில் தடுப்பு முகாம்களில் கிடந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் ஈழத் தமிழர். சிறு பிள்ளைகளோடு தாய்மாரும் இருந்தனர். காரணம் கூறப்படவில்லை, மேன்முறையீடும் இல்லை. 2012 ஒக்டோபரில் அதியுயர் நீதிமன்றம் ஒரு தமிழரின் வழக்கில் அவ்வொழுங்குவிதியைச் செல்லாததாக்கியது. அதன்பின் ஓய்வுபெற்ற நீதிபதி மார்கிரட் ஸ்ரோன் மீளாய்வாளராக நியமிக்கப்பட்டார். அவரது கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது, பரிந்துரை மட்டுமே. அப்படியிருந்தும், வெளியாள் ஒருவர் கோப்புகளைத் திறந்து பார்க்கத் தொடங்கியதும் பல மதிப்பீடுகள் மாறின. 2013 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு, 46 அகதிகளின் தடுப்பு தன்னிச்சையானது, மனிதத்தன்மையற்றது என்று கண்டது. அவர்கள் இழந்த ஆண்டுகளை எக்குழுவும் திருப்பிக் கொடுக்கவில்லை.

வராத கப்பலுக்கு வந்த சட்டம்

நியூசிலாந்துப் பாராளுமன்றம் எம்மைப் பற்றிச் சிந்தித்த வேறொரு தருணமும் உண்டு. 2010 ஓகஸ்டில் சன் சீ கப்பல் 492 தமிழரோடு கனடாவை அடைந்தது. 2011 ஜூலையில் அலிசியா என்னும் கப்பலில் 87 ஈழத் தமிழர் இந்தோனேசியாவின் பின்ரான் தீவருகே மறிக்கப்பட்டனர். நியூசிலாந்து செல்ல விரும்புகிறோம் என்று எழுதிய அட்டைகளை அவர்கள் ஏந்தி நின்றனர். அவர்களுக்கு இங்கு வரவேற்பில்லை என்று அன்றைய பிரதமர் ஜோன் கீ தெரிவித்தார். 2013 இல், 30 பேருக்கு மேற்பட்டோர் கூட்டமாக வந்தால் அவர்களைக் கூட்டு ஆணையொன்றின் கீழ் ஆறு மாதம் வரை தடுத்து வைக்க வழிசெய்யும் திருத்தச் சட்டம் நிறைவேறியது. 2024 இல் மேலுமொரு திருத்தம், நீதிமன்றம் அவ்வாணை குறித்துத் தீர்மானிப்பதற்கான காலத்தை 28 நாள் வரை நீட்ட இடமளித்தது. இத்தனைக்கும் அப்படியொரு கப்பல் இந்நாட்டுக் கரையை ஒருமுறையேனும் அடைந்ததில்லை. வராத கப்பலுக்கு இரண்டு சட்டங்கள். பாதுகாப்புச் சோதனைக் கோப்புகளைப் பார்க்கும் குழுவின் அதிகாரத்துக்கோ, அரச ஆணைக்குழு பரிந்துரைத்த பின்னரும், இத்தகைய அவசரம் காட்டப்படவில்லை.

கண்காணிப்பாளர் நாயகத்தின் அலுவலகம் கிறெய்க் காலத்ததைவிட இன்று பலமானது. 2013 இல் அதற்குப் பிரதி ஒருவரும் கூடுதல் அதிகாரமும் கிடைத்தன. அச்சீர்திருத்தத்தைத் தூண்டியது ஓர் அகதியின் துயரமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒக்லாந்தின் கோட்ஸ்வில் மாளிகையில் வசித்த இணைய வணிகர் கிம் டொட்கொம், வதிவிட விசா பெற்றவராயிருந்தும் சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்கப்பட்டார் என்பது 2012 இல் அம்பலமானதே அதற்கு வழிவகுத்தது. செல்வந்தரின் வீட்டுக் கதவு உடைபட்டால் சத்தம் தூரத்துக்குக் கேட்கும்.

அவ்வலுவலகத்திடம் முறைப்பாடு செய்யும் உரிமையைச் சட்டம் யாருக்கு வழங்குகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நியூசிலாந்துக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் பெற்றோருக்குமே அவ்வுரிமை. தஞ்சக் கோரிக்கை முடிவாகாத நிலையில், தற்காலிக விசாவில் காத்திருப்பவருக்கு, அதாவது பாதுகாப்புச் சோதனையால் நேரடியாகப் பாதிக்கப்படக்கூடியவருக்கு, அது இல்லை. ஆனால் கண்காணிப்பாளர் நாயகம் தானாகவே ஒரு விடயத்தை விசாரிக்கலாம். எனவே வதிவிடமோ குடியுரிமையோ பெற்றுவிட்ட உறவினர்களும் சங்கங்களும், தனியொருவரின் கதையாக அன்றி, தாமதம் பற்றிய பொதுப் பிரச்சினையாக இதனை அவ்வலுவலகத்துக்கு எழுதி விசாரணை கோரலாம். தனியாளின் தாமதத்தைப் பொறுத்தவரை குடிவரவுத் திணைக்களத்தின் நடவடிக்கை பற்றி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடலாம். தன்னைப் பற்றிய தகவலைத் தரும்படி தனியுரிமைச் சட்டத்தின் கீழ் கோரலாம். இரகசியப் பகுதி மறைக்கப்பட்டே வரும். எஞ்சிய பகுதியில் பெயர்ப் பிழையோ பிறந்த திகதிப் பிழையோ இருந்தால் அதுவே பெரிய கண்டுபிடிப்பாக அமையலாம். சின்னத்துரையின் மகன் சிவகுமார் என்பதை எது குடும்பப் பெயர், எது தனிப் பெயர் என்று புரியாமல் இரண்டு ஆட்களாக்கிவிடும் கணினிகளை நாம் அறிவோம்.

பாராளுமன்றத்தைப் பொறுத்தவரை, சட்டமூலங்கள் தெரிவுக்குழுவுக்குச் செல்லும்போது எவரும் எழுத்துமூலம் கருத்துச் சமர்ப்பிக்கலாம். வாக்குரிமை வேண்டியதில்லை, விசாவின் தரம் கேட்கப்படுவதில்லை. 2013 ஆம் ஆண்டின் சட்டமூலத்தில் பத்துப் பேருக்கு மேல் என்றிருந்த வரையறை 30 பேருக்கு மேல் என்று மாறியது அது தெரிவுக்குழுவைக் கடந்து வந்த பின்னரேயாகும். எம்மவர் அமைப்புகள் பொங்கல் விழாவுக்கு அமைச்சர்களை அழைத்து மாலை சூட்டுவதில் காட்டும் ஊக்கத்தில் ஒரு சிறுபங்கை இதில் காட்டலாம்.

கேட்க வேண்டியவை எளியவை. புலனாய்வு, பாதுகாப்புக் குழுவின் தலைமை பிரதமரிடமும் அமைச்சர்களிடமும் இருந்து எடுக்கப்பட வேண்டும். குடிவரவு விண்ணப்பங்களில் எத்தனை பாதுகாப்புச் சோதனைக்கு அனுப்பப்பட்டன, அவை எத்தனை மாதம் அங்கே தங்கின, எத்தனை எதிரிடையாக முடிந்தன என்ற எண்ணிக்கைகளை ஆண்டுதோறும் அக்குழு கேட்டுப் பெற்று வெளியிட வேண்டும். பெயர்கள் தேவையில்லை. எண்ணிக்கையில் எந்த ஒற்றனின் உயிரும் தங்கியிருக்கவில்லை. முறைப்பாட்டு உரிமை, புகலிடக் கோரிக்கையாளருக்கும் விரிக்கப்பட வேண்டும். லின்மோல் கோப்பு நான்கு திணைக்களங்களில் ஐந்தாண்டு கிடந்ததுபோல் இன்னொன்று கிடக்கிறதா என்று கேட்கும் அதிகாரமும் அதே குழுவுக்குத்தான் கொடுக்கப்பட வேண்டும். அங்காடியில் காயமுற்றோருக்கும், சோதனை முடிவுக்காகக் கடிதப்பெட்டியைத் தினமும் திறந்து பார்ப்போருக்கும் அது ஒரேயளவில் கடமைப்பட்டிருக்கும்.